ஆளுங்கட்சிக்குள்ளேயே இரண்டு பேச்சு, கையில் 15(2) நோட்டீஸ்: எதை நம்பி என்ன செய்வது?

கடைமடைக்காரன்:

தஞ்சாவூர் மாவட்டம், வெண்ணாற்றுப் பாசனம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் புறவழிச்சாலைக்காக ஊரில் முப்பது பட்டாதாரர்களுக்குமேல் நிலம் எடுப்பதற்கான 15(2) நோட்டீஸ் வந்திருக்கிறது. அத்தனையும் இருபோக நஞ்சை. சில சர்வே எண்கள் கோயில் நிலம், குத்தகை சாகுபடி.

ஆளுங்கட்சியில் இரண்டு அணி. எம்எல்ஏ தரப்பு "இந்த வழித்தடம் வராது, அமைச்சரிடம் பேசியாச்சு, யாரும் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம்" என்கிறது. ஒன்றியச் செயலாளர் தரப்பு "கையெழுத்துப் போட்டால் நல்ல விலை, முரண்டு பிடித்தால் கோர்ட்டில்தான் பணம்" என்று வீடு வீடாகப் போகிறது. கூட்டணிக் கட்சியின் விவசாய சங்கம் மறியலுக்குத் தேதி குறித்துவிட்டது. கேள்விகள்:

1. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்த பிறகும் நிலம் எடுக்க முடியுமா?
2. இன்னும் 15(1) வரவில்லையே, அதுவரை பொறுத்திருக்கலாமா?
3. கிராம சபைத் தீர்மானம் போட்டால் நிற்குமா?
4. குத்தகைதாரருக்கு என்ன கிடைக்கும்?

---

பசலிக்கணக்கு:

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். எண் வரிசையைப் பார்த்து 15(1) முதலில் வரும், 15(2) பிறகு வரும் என்று நினைக்கிறார்கள். நடைமுறை தலைகீழ். 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தில் "ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்" என்று முதலில் கேட்பது 15(2). விசாரணை முடிந்து உத்தரவான பிறகு அரசிதழில் வருவது 15(1). அது வெளியான நாளிலேயே 16-ஆம் பிரிவுப்படி நிலம் வில்லங்கம் ஏதுமின்றி அரசுக்குச் சொந்தமாகிவிடும். பணம் வந்ததா, நீங்கள் நடவு நட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆக, உங்கள் கையில் இருப்பதுதான் ஆட்சேபணை சொல்லக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. "எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்பவர் எந்த அணியாக இருந்தாலும் உங்களுக்குக் கெடுதல்தான் செய்கிறார்.

1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்திலும் இதே அமைப்புதான்: 3(2) முதலில், 3(1) பிறகு. தேசிய நெடுஞ்சாலை என்றால் கதை வேறு. 1956 சட்டப்படி 3-ஏ அறிவிப்பு, அதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை, பிறகு 3-டி, அன்றே நிலம் கைமாறும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலைக்கு ஒருவர் எழுதிய மனுவை அப்படியே நகலெடுத்து மாநிலச் சாலைக்குக் கொடுக்காதீர்கள். பிரிவு எண் தப்பாக இருந்தால் விசாரணையில் முதல் வரியிலேயே தள்ளிவிடுவார்கள்.

வேளாண் மண்டலச் சட்டம்: 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. அது தடுப்பது அட்டவணையில் உள்ள தொழில்களை மட்டும். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்புத்தாது ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எடுப்பு போன்றவை. சாலை, துறைமுகம், குழாய்ப் பாதை, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றுக்கு விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. மண்டலத்தை நம்பி சாலைக்கு ஆட்சேபணை எழுதினால் வீண்.

"2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பல்போக பாசன நிலத்தைக் காப்பாற்றுமே" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பிரிவே சாலை, ரயில், கால்வாய், மின்தடம் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குப் பொருந்தாது. போதாததற்கு, தமிழ்நாடு தன் மூன்று சட்டங்களை (நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலம்) 105-ஏ என்ற மாநிலத் திருத்தப் பிரிவு மூலம் 2013 சட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு 2013 செப்டம்பர் 26-லிருந்து முன்தேதியிட்டு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதனால் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. 2013 கணக்குப்படி இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் உண்டு.

கிராம சபைத் தீர்மானம் இந்தச் சட்டத்தில் தடை ஆகாது. இருந்தாலும் போடுங்கள், ஆனால் "திட்டத்தை எதிர்க்கிறோம்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். எந்த வாய்க்கால் எந்தச் சர்வே எண்ணில் அறுபடுகிறது, அதன் கீழ் எத்தனை ஏக்கர் பாசனம், மாற்றுப் பாதையில் புறம்போக்கு எவ்வளவு என்று எழுதிய தீர்மானம் நாளைக்கு ரிட் மனுவில் இணைக்க உதவும்.

ஆட்சேபணை மனு ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஊர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், கையெழுத்துப் போட்டவர் பட்டாதாரரா, அவர் சர்வே எண் எது என்பதே ஒரு தகராறாகும். நோட்டீஸில் கையெழுத்திட்ட அலுவலருக்கே, அதாவது தனி மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ, நிலம் எடுப்பு) அல்லது தனி வட்டாட்சியருக்கே, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரிலும் ஒரு படி கொடுத்து முத்திரை வாங்குங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடு தேதிதான் கணக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுத்த மனுவை 15(2) ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது வேறு பதிவேடு, வேறு எண். படம் எடுத்துப் பேப்பரில் வரும், கோப்பில் ஏறாது.

விசாரணை நாளன்று நேரில் போங்கள். போகாவிட்டால் "ஆட்சேபணை ஏதுமில்லை" என்று ஒரு வரி ஏறிவிடும்.

---

சிவப்புத்துண்டு:

சட்டம் எல்லாம் சரி. அரசியலை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2023 மார்ச் 29 அன்று ஒன்றிய அரசு போட்ட நிலக்கரி ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று தொகுதிகளும் இருந்தன. மாநில அரசு எதிர்த்தது, எல்லாக் கட்சியும் எதிர்த்தது, ஒன்றியத்தில் ஆளும் பாஜகவின் மாநிலத் தலைமையே நீக்கச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போட்டது. ஏப்ரல் 8 அன்று மூன்றும் நீக்கம். பத்தே நாள். சொந்தக் கட்சிக்காரனே மறித்தால் வண்டி நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

---

பசலிக்கணக்கு:

தோழர், வடசேரியில் ஒரு சென்ட் நிலத்துக்கும் நோட்டீஸ் போயிருக்கவில்லை. ஏலப் பட்டியலில் இருந்த பெயரை எடுத்தார்கள், அவ்வளவுதான். எடுப்பதற்கு ஒரு திருத்த அறிவிப்பு போதும். இதோடு கடலூர் மாவட்டத்து வளையமாதேவியை வைத்துப் பாருங்கள். அங்கே நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்காக (என்எல்சி) நிலம் பல வருடம் முன்பே கையகப்பட்டுவிட்டது, சாகுபடி மட்டும் தொடர்ந்தது. 2023 ஜூலை 26-இல் கதிர் வந்த பயிரில் பொக்லைன் இறங்கியது. பாமக ஊர்வலம் நடத்தியது, கைதானார்கள், பல கட்சிகள் கண்டித்தன. கடைசியில் கிடைத்தது பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் சொன்னது மட்டும். நிலம் நிலமாகத் திரும்பவில்லை.

கட்சிச் சண்டைக்கு ஒரு பருவம் இருக்கிறது. வழித்தடம் முடிவாகி நிலத் திட்ட அட்டவணை (எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் எடுப்பது என்ற பட்டியல்) கையெழுத்தாகும் வரை அது வேலை செய்யும். 15(2) வந்த பிறகு பாதி வேலை செய்யும். 15(1) வந்த பிறகு சாகுபடிக்கு உதவாது, தேர்தலுக்கு உதவும்.

---

சிவப்புத்துண்டு:

பருவம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தப் பருவத்தில் எந்தப் பேச்சுக்கு எடை, எது வெறும் பேச்சு என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

எம்எல்ஏ ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பது இலவசம். அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி கட்சியைத் தானாக விட்டால், இல்லை கொறடா உத்தரவை மீறி சபையில் ஓட்டுப் போட்டால் அல்லது போடாமல் இருந்தால்தான் பதவிக்கு ஆபத்து. மைக்கில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது பேச்சு இல்லை, காகிதம். துறை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தின் நகல், அதற்குத் துறைச் செயலகம் கொடுத்த பதில், மாற்று வழித்தடம் ஆய்வு செய்யச் சொல்லி கோட்டப் பொறியாளருக்குப் போன குறிப்பு. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் "பேசியாச்சு" என்பது டீக்கடைப் பேச்சு.

கூட்டணிக் கட்சிகளின் எதிர்ப்பையும் இப்படித்தான் அளக்க வேண்டும். 2023 ஏப்ரல் 21, சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஒரே நாளில் இரண்டு மசோதா: 12 மணி நேர வேலை, நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்). முதலாவதற்குக் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக நீர்நிலைப் புறம்போக்கையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்யும் இரண்டாவதோ, இடதுசாரிகள் எதிர்த்தும் ஆளுநர் ஒப்புதலோடு சட்டமாகிவிட்டது. தொழிலாளிக்கு எல்லா ஆலையிலும் ஒரே பிரச்சினை, ஒரே தேதி. நிலத்துக்கு ஊருக்கு ஊர் வேறு தேதி, வேறு சர்வே எண். அதனால்தான் நில விஷயத்தில் கூட்டணிக் கோபம் சீக்கிரம் ஆறிப்போகிறது என்பது என் கணிப்பு.

டெல்லியிலும் இதுதான். 2014 டிசம்பர் 31-இல் 2013 சட்டத்தை நீர்க்கச் செய்ய அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுங்கூட்டணியில் இருந்த சிவசேனாவே மக்களவை ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. அதிமுக ஆதரித்து ஓட்டுப் போட்டது. மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லை, 2015 ஆகஸ்ட் 31-இல் காலாவதி. "விவசாயி ஜெயித்தான்" என்று இங்கே பட்டாசு வெடித்தார்கள். அதே 2015 ஜனவரியில் நம் 105-ஏ குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அமலாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

கட்சிக்குள் நிலத்துக்காக அடித்துக்கொள்வது இந்தப் பக்கம் புதிதும் இல்லை. 1952-இல் ராஜாஜி தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் போட்டபோது கடுப்பானவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, காங்கிரஸ் மிராசுதார்கள்தான். அன்றைக்குக் கட்சிக்காரன் நிலச்சொந்தக்காரன். இன்றைக்குக் கட்சிக்குள்ளே ஒருவன் பட்டாதாரன், இன்னொருவன் சாலைக்கு கிராவல் அடிக்கப்போகும் ஒப்பந்தக்காரனுக்கு வேண்டியவன். உங்கள் ஊர் இரண்டு அணியையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருதரம் பாருங்கள்.

---

சங்கிலிமேன்:

ஒரு எச்சரிக்கை, அணிச் சண்டையில் வழித்தடம் நிஜமாகவே மாறும். மாறினால் அது காற்றில் போகாது, வேறொருவர் வயலில் போய் உட்காரும். பழைய 15(2)-ஐக் கைவிட்டதாக எழுத்து மூலம் உத்தரவு வாங்காமல் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குப் போட்ட தடை அப்படியே கிடக்கும். விற்கவும் முடியாது, கடன் வாங்க அடமானம் வைக்கவும் முடியாது. "ரத்தாகிவிட்டது" என்று எம்எல்ஏ ஆபீஸில் சொன்னது சார்பதிவாளருக்குத் தெரியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப். கோட்டப் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இதைக் கேளுங்கள்: ஆய்வு செய்த எல்லா மாற்று வழித்தடங்களின் வரைபடம், ஒவ்வொன்றிலும் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு எத்தனை ஹெக்டேர், நிலத் திட்ட அட்டவணையின் நகல் தேதியுடன், அட்டவணை திருத்தப்பட்டிருந்தால் திருத்தத்துக்கு முந்தைய நகல். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். யார் வயல் வெளியே போய் யார் வயல் உள்ளே வந்தது என்பது இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். பதிலுக்கு 30 நாள் உண்டு, அதற்குள் ஆட்சேபணைக் கெடு முடிந்துவிடலாம். ஆகவே ஆட்சேபணையில் "ஆவணங்கள் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் கூடுதல் ஆட்சேபணை தாக்கல் செய்ய உரிமை ஒதுக்குகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

அளவு சரிபார்ப்பு. அட்டவணையில் ஹெக்டேர், ஏர்ஸ் இருக்கும். ஊரில் மா, குழி. ஒரு மா 100 குழி, 33 சென்ட். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக ஒரு மா சுமார் 13.4 ஏர். புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலை வாங்கி, நட்டிருக்கும் எல்லைக் கல்லோடு ஒப்பிடுங்கள். உட்பிரிவு செய்யும்போது வயலின் நடுவே சாலை போய் ஒரு ஓரத்தில் நாலு குழி முக்கோணமாக மிஞ்சும். உழவு மாடே திரும்ப முடியாத அந்தத் துண்டை "எடுக்கப்படாத பகுதி" என்று விட்டுவிடுவார்கள். துண்டுபட்டதால் வரும் நஷ்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லை மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதிக் கேட்காதவருக்குத் தர மாட்டார்கள்.

டெல்டாவில் சாலையைவிட மோசம் சாலையின் கரை. தரை மட்டத்திலிருந்து ஏற்றிப் போடும் மண்மேடு வடிகாலை மறித்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் மேல்பக்கத்து சம்பா, தாளடி இரண்டும் மூழ்கும். நிலம் போகாதவர்களும் பாதிக்கப்படுவார்கள், ஆனால் அவர்களுக்கு நோட்டீஸ் வராது. ஆகவே ஒவ்வொரு கன்னி வாய்க்காலுக்கும் (வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால்) வடிகாலுக்கும் பாலம் எங்கே, குழாய் விட்டம் என்ன, அடிமட்டம் இப்போதைய வாய்க்கால் தரையோடு சமமா என்று திட்ட வரைபடத்தில் பாருங்கள். அடிமட்டம் அரை அடி உயர்ந்தாலும் தண்ணீர் வடியாது. குழாய் வேண்டாம், பெட்டிப் பாலம் வேண்டும் என்று கேளுங்கள். குழாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும். நீர்வளத் துறை செயற்பொறியாளரின் கருத்து கோப்பில் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். திட்டத்தை எதிர்க்கும் அணியும் ஆதரிக்கும் அணியும் ஒன்றாகக் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கை இது ஒன்றுதான்.

---

பசலிக்கணக்கு:

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றியச் செயலாளர் தரப்பு "நல்ல விலை" என்பதை எடைபோட உதவும்.

சந்தை மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்பு, அல்லது பக்கத்தில் அதே வகை நிலம் முந்தைய மூன்று ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது. பிறகு கிராமப்புறக் காரணி (சட்டம் 1 முதல் 2 வரை அனுமதிக்கிறது, தூரத்தைப் பொறுத்து மாநில அரசு நிர்ணயிக்கும்). அதோடு மரம், போர், கட்டட மதிப்பு. மொத்தத்தின் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை, அதாவது கட்டாயமாக எடுப்பதற்காகக் கூடுதலாகத் தருவது.

உதாரணத்துக்கு ஒரு மா. பத்திரச் சராசரி ஏக்கருக்கு 12 லட்சம் என்றால் 33 சென்ட்டுக்கு 3.96 லட்சம். காரணி 1.25 என்று வைத்தால் 4.95 லட்சம். ஆறுதல் தொகையோடு 9.90 லட்சம். வழிகாட்டி மதிப்பு 8 லட்சத்தை எடுத்தால் அதே கணக்கில் 6.60 லட்சம்தான். மாவுக்கு 3.30 லட்சம் வித்தியாசம். "நல்ல விலை" என்று வாயால் சொல்வதை இந்த இரண்டு எண்ணுக்கு நடுவே எங்கே விழுகிறது என்று பாருங்கள். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்ட ஊர்களில் சராசரியே அடிவாங்கும். விலை கூடிய பத்திரங்களை வில்லங்கச் சான்றிலிருந்து தேடி, நகல் எடுத்து, விசாரணையிலேயே கொடுங்கள். அலுவலகத்துக்காரர் தானாகத் தேட மாட்டார்.

மரமும் போரும் விட்டுப்போவது சகஜம். ஆறுதல் தொகை அவற்றுக்கும் உண்டு என்பதால் 5,000 ரூபாய் மதிப்பிட்ட தென்னை 10,000 ஆகும். இப்போதே அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) பயிர், தென்னை, போர் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று விஏஓவிடம் பாருங்கள். மரங்களுக்கு எண் போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பேச்சுவார்த்தை முறையில் கையெழுத்துப் போடுவது தப்பில்லை. ஆனால் ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல் பிறகு கோர்ட்டில் கேட்க முடியாது. வீடு வீடாக வருபவர் நீட்டும் தாள் வெள்ளைத்தாளா, தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொகை இல்லாத சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கூட்டுப் பட்டாவில் அண்ணன் ஒருவர் போட்ட கையெழுத்து மற்றவர்களைக் கட்டாது, ஆனால் அதைக் காட்டி "இந்தச் சர்வே எண் சம்மதம்" என்று பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். பாகப்பிரிவினை, வாரிசு, யுடிஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) காலத்துப் பதிவுத் தவறு எதுவாக இருந்தாலும் இப்போதே மனுப் போடுங்கள். பெயர் தகராறு இருந்தால் பணம் கோர்ட்டில் கட்டப்படும். ஒன்றியச் செயலாளர் சொல்லும் மிரட்டலில் உண்மை இருப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

---

கடைமடைக்காரன்:

நன்றி அண்ணே. குத்தகை பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பலர் குத்தகைப் பதிவு இல்லாமல் மூன்று தலைமுறையாகச் சாகுபடி செய்கிறார்கள். கோயில் அலுவலகத்தில் நெல் அளந்த ரசீது மட்டும் இருக்கிறது. மேலும், எம்எல்ஏ தரப்பு "ஆட்சேபணை கொடுத்தால் பேச்சு கெட்டுப்போகும்" என்கிறார்களே?

---

பசலிக்கணக்கு:

ஆட்சேபணை கொடுத்தால் பேச்சு கெடாது. மாற்று வழித்தடத்துக்கு அமைச்சரிடம் வாதாட எம்எல்ஏவுக்கே கோப்பில் ஆட்சேபணைகள் இருப்பது பலம். அப்படியும் தடுத்தால், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று யோசிக்க வேண்டியதுதான்.

குத்தகை: நிலத்துக்கான தொகை கோயில் கணக்கில் போகும். சாகுபடிதாரர் "அக்கறை உள்ள நபர்" என்று தனியாக உரிமை கோர வேண்டும். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பெயர் ஏறியிருந்தால் வாதம் சுலபம். இல்லாதவர் ஒருபக்கம் பதிவுக்கு விண்ணப்பித்துக்கொண்டே, மறுபக்கம் நெல் அளந்த ரசீது, கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் ரசீது, பயிர்க் காப்பீட்டுச் சான்று, அடங்கல் நகல் எல்லாவற்றையும் வருட வாரியாகக் கோர்த்து மனுவோடு கொடுக்கலாம். 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறையில் மூன்று வருடமாக அந்த நிலத்தையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரரும் வருகிறார். ஆக, கடைசி மூன்று பசலிக்கு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) விடுபடாத சான்று வேண்டும். ரசீதில் சர்வே எண் இல்லாவிட்டால் கோயில் செயல் அலுவலரிடம் எண் குறித்த சான்று கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

---

சங்கிலிமேன்:

இன்னொன்று. விசாரணைத் தேதி குறுவை அறுவடையில் விழுந்தால் "ஆள் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். வாய்தா வேண்டும் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மறியலுக்குப் போகிறவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் வீட்டுக்கு ஒருவர் விசாரணைக்குப் போகட்டும்.